பரு காய்ந்தபின் கல்யாணம் என்று எழுதிய மகனுக்கு

சிரஞ்சீவி சங்கரலிங்கத்துக்கு, பேட்டையிலிருந்து உன் தகப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். முகத்தைத் தவிர நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் கண்டுகொண்டோம்.

அந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். கன்னத்திலும் தாடையிலும் பரு மண்டிக் கிடக்கிறது, கொழும்புக் கடைக்கு வருகிறவர்கள் உன்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று அரிசி மூட்டையைப் பார்க்கிறார்கள், இந்த முகத்தோடு மணவறையில் உட்கார மாட்டேன், வைகாசியில் வைத்த கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். 'பலாப்பழம் போல இருக்கிறேன்' என்ற இடம் வந்ததும் உன் அம்மா சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நேரா நேரத்துக்குச் சாப்பிடுதானான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். இனி என் பதில். கல்யாணம் வைகாசியில்தான். உன் கடிதம் வந்த அன்று இதற்கு என் பிடிவாதம் ஒன்றுதான் காரணம். அதை நான் மறுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தச்சநல்லூரில், உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண் வீட்டில், ஒன்று நடந்தது. இப்போது அதுதான் காரணம். அதைக் கடைசியில் சொல்லுகிறேன். கடைசித் தாளை முதலில் புரட்டுகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும். புரட்டாதே. நடுவில் நான் எழுதுவதெல்லாம் உனக்கு வேண்டியதுதான்.

முகத்து வியாதிகளைப் பற்றி இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று உனக்குத் தோன்றும். நான் வைத்தியன் இல்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவனும் இல்லை. ஜவுளிப் பொதிகளில் ஒட்டிவந்த அச்சுக் காகிதங்களை எழுத்துக்கூட்டியே தமிழ் கற்றுக்கொண்டவன். அதை உன் சிநேகிதர்கள் முன்னால் நீ சொல்லிச் சிரித்ததும் எனக்கு மறக்கவில்லை. இருக்கட்டும். ஆனால் ஜவுளிக் கடையில் அந்தப் பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த முகங்களை எந்த வைத்தியனும் பார்த்திருக்க மாட்டான். வைத்தியனிடம் போகிறவர்கள் முகத்தைக் காட்டப் போகிறார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் அதை மறைக்க வழி தேடி வருகிறார்கள். கன்னத்தில் மங்கு விழுந்தவள் மாம்பழ மஞ்சளை ஆசையாகத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, மடித்து வைத்து, அரக்கு நிறம் இருக்கிறதா என்று கேட்பாள். கழுத்தில் தேமல் ஏறியவன் துண்டை இன்னும் கொஞ்சம் அகலமாகக் கேட்பான். வைசூரித் தழும்பு உள்ளவர்கள் கண்ணாடிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்பார்கள். இத்தனை வருஷமாகப் பார்த்ததில் நான் அறிந்துகொண்டது இதுதான்: கண்ணாடி முன்னால் நிற்கிற ஒருத்தரும் பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொருவருக்கும் தன் முகத்தைக் கவனிக்கவே பொழுது சரியாக இருக்கிறது. கொழும்பில் உன்னைப் பார்த்துவிட்டு அரிசி மூட்டையைப் பார்த்தவர் அரிசி வாங்கத்தான் வந்திருப்பார்.

உன் பருவுக்கு வருகிறேன். அது இந்த வயதில் வருவது. எனக்கு வந்தது, உன் சித்தப்பாவுக்கு என்னைவிட அதிகமாக வந்தது. மாம்பழம் தின்றதால் வந்தது, யாரோ பொறாமையில் பார்த்ததால் வந்தது என்று அங்கே ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள்; எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒன்றையும் கேட்காதே. யாரோ விற்ற சீமைக் களிம்பைப் பூசித் தோல் உரிந்து எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். உரிந்த தோலுக்கு அடியில் வேறு ஒரு முகம் வைத்திருப்பதாக நினைத்தாயா? முதல் வேலையாக அதைத் தூக்கி எறி. வேட்டி வெளுக்கிற காரச் சவுக்காரத்தை முகத்துக்குப் போடாதே. காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் கழுவு. பிசுபிசுப்பு போக வேண்டுமானால் கொஞ்சம் பயற்றமாவு போதும். தலையில் எண்ணெயைக் குறைத்துக்கொள். நெற்றியில் வழிகிற எண்ணெய்க்குக் கீழே எந்தப் பரு காயும்? முக்கியமாக, நகத்தை வைக்காதே. பரு தானாகப் போனால் அடையாளம் அநேகமாகத் தங்காது. கிள்ளினால் குழி விழுந்து நாள்பட நிற்கும். கடைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் ஒரே துண்டு, ஒரே சவரக் கத்தி என்று இருப்பீர்கள், எனக்குத் தெரியும். தாடையில் வருகிற சில படைகள் ஒருவன் முகத்திலிருந்து இன்னொருவன் முகத்துக்குக் கத்தியில் ஏறித்தான் பிரயாணம் செய்கின்றன. உனக்கென்று ஒரு துண்டு வைத்துக்கொள். கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கச் சொல். நாவிதர் முறைத்தால் முறைக்கட்டும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் மோவாயில் ஒரு பாலுண்ணி முளைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா குறுக்குத்துறைக்கு நேர்ந்துகொண்டாள். பாலுண்ணி உள்ளவனே தன் கையால் வெல்லக்கட்டியை ஆற்றில் போட வேண்டும், போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், வெல்லம் கரைகிற மாதிரி அதுவும் கரைந்துவிடும் என்பது முறை. நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ எனக்கு முன்னால் மணலில் ஓடினாய். நான் துறைக்கு வந்து சேர்ந்தபோது, கையை வீசிக்கொண்டு நின்றாய்.

"வெல்லம் எங்கலே?"

"ஆத்துல போட்டுட்டேம்பா."

"எந்த இடத்துல?"

"அங்கன."

நீ காட்டிய இடத்தில் ஒரு எருமை படுத்திருந்தது. உன் மோவாயில் பாலுண்ணிக்குப் பக்கத்திலேயே வெல்லப்பாகு வழிந்து மணல் ஒட்டியிருந்தது. நான் துண்டை நனைத்து அதைத் துடைத்துவிட்டு உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். சில மாதம் கழித்துப் பாலுண்ணி தானாகச் சுருங்கி உதிர்ந்தது. "பாத்தியளா, தாமிரவருணித் தாயி கேட்டுட்டா" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொன்னாள். வெல்லம் போன வழி இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. இந்தப் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டப் போவதும் இல்லை. உனக்கு ஏன் சொல்லுகிறேன் என்றால், முகத்தில் வருகிற பாதி வியாதிகள் தாமாக வந்து தாமாகப் போகிறவை. போகிற நேரத்தில் நாம் எதைப் பூசிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் வந்துவிடுகிறது. அந்தக் கொழும்புக் களிம்புக்காரனுக்கு அப்படித்தான் பெயர் வந்திருக்கும்.

உன் அம்மாவுக்கு நீ வயிற்றில் இருந்தபோது மங்கு விழுந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும், ஈரக் கையால் தொட்ட சுவர் மாதிரி ஒரு மங்கல் நிறம். பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். பாதி போனது, பாதி நின்றுவிட்டது. என் மதினி விடுவாளா? ஜாதிக்காயும் பாலுமாகக் கல்லில் உரைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இங்கன உக்காரு. இதத் தடவிக்கிட்டு வெயில்ல போகாம இரு. இல்லன்னா முகம் இப்படியே நின்னு போயிரும்."

"நிக்கட்டும் மதினி" என்றாள் உன் அம்மா. "இந்த முகத்தப் பாக்க வேண்டிய ஆளு பாத்து முடிச்சாச்சு. இனிமே ஆருக்குத் தடவணும்?"

நான் உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்துவிட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். அந்த மங்கு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் வெளுத்து முடிகிறது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு தாளில் வரைந்து காட்டுவேன். பார்த்து முடித்தவன் செய்கிற காரியமா அது?

உன் அம்மா முதன்முதலாக என்னைப் பார்த்தபோது என் முகம் இருந்த லட்சணத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் பிறந்த வீட்டார் என்னை 'வெள்ளாவி மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கேட்டிருப்பாய். துணி வெளுக்கிற வெள்ளாவிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்டபோதெல்லாம் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். நடந்தது இதுதான். நம்மவர்களில் மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டுவது தாய்மாமன் உரிமை. என் மாமா சரிகைத் துணி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேறு கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். கஞ்சி ஏறிய துணி, பனையோலை போல விறைத்து நின்றது. தலையில் படியவில்லை என்று சலவைக்குப் போட்டார்கள். புதுத் துணி முதல் தடவை வெளுக்கப் போனால் அதன் ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் வீட்டுக் குறி போடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டுக் குறி ஒரு கோடும் அதன் இரண்டு பக்கம் இரண்டு புள்ளியும். அந்தப் பால் துணியில் காய்ந்துவிட்டால் பிறகு எந்த வெள்ளாவியிலும் போகாது. காயும் முன் தோலில் பட்டால் சிலருக்குப் பொத்துப் பொத்தென்று கொப்புளம் போடும். என் மாமா சலவைத்துறையிலேயே நின்று, நேரமாகிவிட்டது நேரமாகிவிட்டது என்று ஈரத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்து, என் தலையில் வரிந்து கட்டினார். குறி போட்ட முனையை இழுத்து நெற்றியில் செருகினார். அந்தக் கட்டோடு அன்று முழுவதும் உறவுக்காரர் வீடு வீடாக விருந்து.

மறுநாள் நெற்றி அரித்தது. அதற்கும் மறுநாள், விடிந்தால் கல்யாணம் என்ற அன்று காலையில், நெற்றியைச் சுற்றிச் சிவந்து கொப்புளம் போட்டு இரண்டு கண்ணும் வீங்கிவிட்டன. என் அக்காள் என்னைப் பார்த்துவிட்டு அலறியதில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. வீட்டு வாசலில் கட்டியிருந்த மாவிலையை ஒருத்தி அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வேப்பிலைக் கொத்தோடு வந்துவிட்டாள்.

"வைசூரிதாம்லே" என்றார் மாமா. "கல்யாணம் நடக்காது. பொண்ணு வீட்டுக்கு ஆள அனுப்புங்க."

"காய்ச்ச எங்க இருக்கு மாமா? தொட்டுப் பாரும்."

"தொடக்கூடாதுலே!"

"தொடாம எப்படிவே தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீ பேசாமப் படு."

நான் படுக்கவில்லை. காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை, இட்டிலி இறங்குகிறது, கொப்புளம் நெற்றியைத் தாண்டி எங்கும் இல்லை. வந்த அம்மன் தலையைச் சுற்றி வட்டமாக மட்டுமா உட்காருவாள் என்று கேட்டேன். அப்படியானால் அக்கி என்றார் மாமா. அக்கிக்குக் காவி எழுதுகிற, பானை வனையும் வேளாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் செம்மண்ணைக் குழைத்து என் நெற்றியில் ஒரு சிங்கம் எழுதினார். நெற்றி நல்ல அகலம், சிங்கம் வால் முதல் பிடரி வரை நன்றாக அமைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். வீட்டு வாசலில் ஒரு பக்கம் மாவிலை, ஒரு பக்கம் வேப்பிலை, நடுவில் நெற்றியில் சிங்கத்தோடு மாப்பிள்ளை. உன் அம்மாவின் தகப்பனார் படியிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போயிருந்தால் அவரை ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நான் கிணற்றடிக்குப் போய்ச் சிங்கத்தைக் கழுவினேன். கண்ணாடியைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். வீங்கிய கண்ணை இரண்டு விரலால் பிளந்துகொண்டுதான் பார்க்க முடிந்தது. வலது புருவத்துக்கு மேலே, மற்ற இடத்தைவிடத் தடிப்பாக, ஒரு கோடு. அதன் இரண்டு பக்கம் இரண்டு புள்ளி. உருமால் துணியை எடுத்துக்கொண்டு நேராகப் பெண்ணின் தகப்பனாரிடம் போனேன். குறி போட்ட முனையை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே அச்சு. அவர் துணியைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், மறுபடியும் துணியைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு மாப்ளே" என்றார். "எங்க காணாமப் போனாலும் இன்ன வீட்டுத் தலைன்னு கொண்டாந்து சேத்துருவாங்க."

வந்திருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் வேப்பிலைக்காரி கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். புளியிலைச் சாறு பிழிந்து போட்டார்கள், தேங்காயெண்ணெய் தடவினார்கள். மறுநாள் அதே முகத்தோடு தாலி கட்டினேன். உன் அம்மா என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டாள். எனக்குத்தான் கண் திறக்கவில்லை, அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு பெரிய குறை என்னவென்றால், அன்று காரணம் கண்டுபிடித்தவன் நான். ஆனால் என் மாமா சாகும் வரைக்கும், "வைசூரி இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை ஒருவரும் மறுக்கவில்லை. நான் மட்டும் மறுத்தேன், ஒவ்வொரு தடவையும்.

இனி தச்சநல்லூர். உன் கடிதம் வந்ததும், பெண் வீட்டில் போய் உன் பருவைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். உன் அம்மா வழியை மறித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்கு மூஞ்சில பருன்னு ஆராவது போய்ச் சொல்லுவாகளா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வைகாசில சிரிக்கிறத இப்பமே சிரிச்சு முடிச்சிருவாங்க."

நீ இந்த இடத்தில் கோபப்படுவாய். படு. நிச்சயமான நாளைத் தள்ளிவைக்கச் சொல்லுகிற மாப்பிள்ளையைப் பெற்றவன், காரணத்தைப் பெண்ணைப் பெற்றவரிடம் சொல்லியாக வேண்டும். நான் போய், தண்ணீர் குடித்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "பையனுக்கு முகத்துல பரு. வெக்கப்பட்டுக்கிட்டு தை மாசம் வச்சுக்கிடலாம்னு எழுதுதான். நான் தள்ளிவைக்க மாட்டேன். உங்ககிட்ட மறைக்கவும் மாட்டேன்." பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவருடைய அக்காள், பெண்ணின் அத்தை, அந்த வீட்டோடு இருக்கிறவள், கதவுப் பக்கத்திலிருந்து முந்திக்கொண்டாள்.

"தையிலயே வச்சுக்கிடுவோமே அண்ணாச்சி. எங்களுக்கும் அதுதான் சௌகரியம்."

பெண் வீட்டார் தள்ளிவைக்க இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் காந்திமதி வெளியே வந்து நின்றாள். முகம் கழுவி, ஈரம் துடைக்காமல் வந்திருந்தாள். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று முகம் நிறைய மஞ்சள் பூசியிருந்தாளே, அந்த மஞ்சள் இல்லை.

"மாமா, என் கன்னத்தையும் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"ஏட்டி, உள்ள போ!" என்று அத்தை கையைப் பிடித்து இழுத்தாள்.

"போக மாட்டேன் அத்தை. அவுக மறைக்கலல்லா. நாம மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

இடது காதடியிலிருந்து தாடை வரைக்கும் வெளுத்த திட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டி. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. திட்டைக் கண்ட நாள் முதல் அந்த வீட்டில் எல்லோரும் குஷ்டம், பெருநோய் என்று பயந்துபோய் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. வெளியே தெரிந்துவிடும் என்று ஒரு வைத்தியரிடமும் காட்டவில்லை. மஞ்சளை அப்பி மூடிவிட்டார்கள். அந்தப் பெண் அந்தப் பயத்தோடேயே காலையில் எழுந்து, சோறு வடித்து, கோலம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நீ பருவுக்காகக் கொழும்பில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்த நாட்களும் அவைதான்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவளை வெளிச்சத்துக்கு வரச் சொன்னேன். திட்டின் ஓரத்தில் மாவு தூவினாற்போல் மெல்லிய செதில் இருந்தது. என் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி அவள் அத்தையிடம் கொடுத்தேன். காந்திமதியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். அத்தை திட்டின் மேல் நூல் நுனியை வைத்தாள்.

"இங்கன" என்று காந்திமதி விரலை வைத்துக் காட்டினாள்.

இன்னொரு இடம்.

"இங்கன."

அத்தை நூலைக் கன்னத்தில் படாமல் சும்மா பிடித்திருந்தாள்.

"இப்ப ஒண்ணும் இல்ல. அத்தை, ஏமாத்தாதீங்க."

அவள் தகப்பனார் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நாளாகியிருக்கும் போல, சிரித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பெருநோயின் திட்டு என்றால் பெரும்பாலும் தொட்ட உணர்வு இருக்காது. இவளுக்கு நூல் நுனி தெரிகிறது. "இது தேமல்" என்றேன். "ஆனாலும் என் பேச்ச நம்ப வேண்டாம், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றும் சொன்னேன். காட்டினார்கள். டாக்டரம்மாவும் தேமல்தான் என்று சொல்லித் தடவ மருந்து கொடுத்தாளாம். நிறம் சேரக் கொஞ்ச நாள் பிடிக்குமாம், வைகாசிக்குள் மறையாதாம். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னபோது அழுதுகொண்டிருந்த அத்தை, டாக்டரம்மா சொன்ன பிறகுதான் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள். நான் சொன்னது ஒரு கணக்கில் இல்லை. அதுவும் இருக்கட்டும்.

நான் புறப்படும்போது அந்தப் பெண் வாசல் வரைக்கும் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவுகளுக்கு எழுதிருங்க மாமா. தெரிஞ்சு வரட்டும். வரலன்னாலும் தெரிஞ்சே வராம இருக்கட்டும்." எழுதிவிட்டேன்.

இப்போது நீ யோசிக்க வேண்டியது இது. மஞ்சள் கழுவிய முகத்தோடு அவள் ஆஸ்பத்திரிக்குத் தெரு வழியாகப் போய் வந்துவிட்டாள். தச்சநல்லூரில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. இனி நீ கல்யாணத்தைத் தள்ளிவைத்தால் உன் பருவை ஒருவரும் நம்ப மாட்டார்கள். பெண்ணின் கன்னத்தைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை கப்பலேற மறுத்துவிட்டான் என்றுதான் பேசுவார்கள். உன் பரு அடுத்த வருஷம் காய்ந்துவிடும். அவள் தேமலும் மறைந்துவிடும். அந்தப் பேச்சு மட்டும் அவள் மேல் நிற்கும். யார் வீட்டு வெட்கத்தையோ அவள் முகத்தில் கொண்டுபோய் ஒட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். அவளை உனக்கு வேண்டாம் என்றால், வேண்டாம் என்று உன் பெயரில், உன் கையால் எழுது. நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உனக்காக அவர்கள் முன்னால் தலை குனிகிறேன். பருவின் பேரைச் சொல்லி எழுதாதே. ஆனால் நீ அப்படி எழுத மாட்டாய் என்றே நினைக்கிறேன். தன் முகத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவனுக்கு, இன்னொருத்தி தன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரியாமல் போகாது.

மணவறையில் அவள் மஞ்சள் பூச மாட்டேன் என்கிறாள். அத்தை சண்டை போடுகிறாள். நான் பெண் பக்கம்.

புறப்படும் நாளைத் தந்தியில் சொல். தூத்துக்குடியில் கப்பல் இறங்குகிற இடத்தில் நான் வந்து நிற்பேன். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு இறங்காதே. இத்தனை பேரில் என் பிள்ளை எவன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.